ஜெர்மானிய மொழிகளைப் பட்டப்படிப்பாக எடுக்கும் முன்

ஜெர்மன், டச்சு, ஆங்கிலம், ஸ்வீடிஷ் போன்ற உறவு மொழிகளைத்தான் ஜெர்மானிய மொழிகள் என்கிறோம். ஜெர்மன் சரளமாகப் பேச வந்துவிடும் என்று நம்பி இந்தத் துறையில் சேர்பவர்கள் நிறைய. முதல் பருவத்திலேயே அவர்கள் திகைத்துப்போவதற்குப் பெயர்க் குழப்பமே பாதிக் காரணம். ஜெர்மனியில் 'கெர்மானிஸ்டிக்' என்றால் ஜெர்மன் மொழியும் இலக்கியமும் மட்டுமே. டச்சுக்கு 'நீடர்லாண்டிஸ்டிக்', ஸ்வீடிஷ், டேனிஷ் போன்றவற்றுக்கு 'ஸ்கண்டினாவிஸ்டிக்' என்று வேறு துறைகள் உண்டு. கெர்மானிஸ்டிக்குக்குள்ளும் புதிய இலக்கியம், இடைக்கால இலக்கியம், மொழியியல் என மூன்று பிரிவுகள். ஜெர்மன் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே வகுப்பு தொடங்கும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டக் கையேட்டைத் திறந்து, பேச்சு, எழுத்துப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட், மொழி வரலாற்றுக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 10 கிரெடிட் பாடத்துக்கு 250 மணி நேரமாவது வேண்டும். வாரம் 4 மணி நேர வகுப்பு 14 வாரம் நடந்தாலும் 56 மணி நேரம்தான். மீதி முழுக்க நீங்கள் தனியாக உட்கார்ந்து படிப்பது.

அந்தத் தனிப் படிப்பில் பெரும்பங்கு ஒலி மாற்றத்துக்குப் போகும். பயப்பட வேண்டாம், துறையிலேயே சுவையான பகுதி இதுதான். சமஸ்கிருதமும் ஜெர்மானிய மொழிகளும் ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்தவை. பிதா, பாதம், தந்தம் (பல்) என்று நமக்குப் பழகிய வடசொற்களை ஆங்கிலத்தின் ஃபாதர், ஃபுட், டூத் பக்கத்தில் வையுங்கள். முதலில் இருந்த 'ப' ஒலி 'ஃப' ஆகியிருக்கிறது, 'd' ஒலி 't' ஆகியிருக்கிறது. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் இதை விதியாக வகுத்தார். ஆனால் விதி ஓரிடத்தில் இடறியது. தந்தையைக் குறிக்கும் 'ஃபாட்டர்', சகோதரனைக் குறிக்கும் 'புரூடர்' என்ற இரு ஜெர்மன் சொற்களிலும் மூலமொழியில் நடுவே இருந்தது ஒரே 't' ஒலி. பிறகு ஏன் ஒன்றில் 't', மற்றதில் 'd'?

டென்மார்க்கைச் சேர்ந்த மொழியறிஞர் கார்ல் வெர்னர் 1877-இல் வெளியான கட்டுரையில் விடை சொன்னார். மூலமொழியின் அழுத்தத்தைக் காட்டும் பழைய சமஸ்கிருதத்தில் 'பிதர்' (தந்தை) என்பதற்கு இரண்டாம் அசையில் அழுத்தம், 'ப்ராதர்' (சகோதரன்) என்பதற்கு முதல் அசையில். அழுத்தம் முந்தைய அசையில் இல்லாத இடத்தில் ஒலி குரலொலியாக, அதாவது தொண்டை அதிர ஒலிப்பதாக, மாறியது. அந்த ஒலிதான் பிற்கால ஜெர்மனில் 't' ஆனது, அப்படி மாறாதது 'd' ஆனது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு சொல்லிலும் ஒரே ஒலி கேட்பதால் தடயம் மறைந்துவிட்டது. ஆனால் ஆங்கிலத்தின் 'வாஸ்' (was), 'வேர்' (were) என்ற ஜோடியில் அதே விதி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒலி மாற்ற அட்டவணையை மனப்பாடம் செய்பவர்கள் தேர்வில் தடுமாறுவது இங்கேதான். அழுத்தம் எங்கே இருந்தது என்று முதலில் கேட்டுப் பழகினால் அட்டவணை தானாக வந்து நிற்கும்.

இரண்டாம் மொழியை எப்போது தொடங்குவது? முதல் மொழி பி2 நிலைக்கு, அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் தடையின்றி உரையாடக்கூடிய நிலைக்கு, வந்த பிறகு. டச்சும் ஜெர்மனும் ஒரே நேரத்தில் தொடங்கினால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். டச்சில் 'மேர்' ஏரி, 'ஸே' கடல். ஜெர்மனில் 'மேர்' கடல். ஜெர்மனின் 'ஸே' ஆண்பாலில் ஏரி, பெண்பாலில் கடல். பெயர்ச்சொல்லைப் பால் இல்லாமல் குறித்துவைத்தால் பொருளே மாறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பழைய நூல்களுக்கு வருவோம். அச்சில் இருக்கும் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வரியில் முதலில் வினையைக் கண்டுபிடியுங்கள், பிறகு எழுவாய், அதன் பிறகு மற்ற வேற்றுமைகள். ஸ்கண்டினாவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் 'மென்' (ஆட்கள்) என்ற பன்மையின் தலைச்சொல் அகராதியில் 'மத்ர்'. உருபுகளைப் படிக்காமல் அகராதியைத் தொட்டால் நேரம்தான் வீணாகும்.

தெரிந்த சொல் போலத் தோன்றுபவற்றை இன்னும் கவனமாகத் தேடுங்கள். இன்று 'ஹோக்ஸைட்' என்றால் திருமணம். இடைக்கால ஜெர்மனில் 'ஹோச்கெஸீட்' எந்தப் பெருவிழாவுக்கும் பொருந்தும். இன்றைய 'அர்பைட்' வேலை, அன்றைய 'அரெபைட்' துன்பம். 'வீப்' அன்று பெண் என்ற சாதாரணச் சொல், இன்றைய 'வைப்' பெரும்பாலும் இழிவாகவே ஒலிக்கும்.