ஆழத்தின் வெப்பம்: கிணறு தோண்டும் முன் ஊர் கேட்க வேண்டியவை

புவிவெப்பம் என்றதும் பலருக்கும் எரிமலையும் கொதிநீர் ஊற்றும்தான் நினைவுக்கு வருகின்றன. ஐஸ்லாந்தும் கென்யாவின் ஓல்காரியாவும் அப்படிப்பட்ட இடங்கள்தாம். ஆனால் எரிமலையின் சுவடே இல்லாத நிலத்திலும், கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுகிறது. பூமி உருவான காலத்தில் உள்ளே தங்கிய வெப்பமும், பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் உண்டாகும் வெப்பமும் இதற்குக் காரணம். நம் ஊரில் ஆயிரம் அடி போர்வெல் என்றாலே பேராழம் என்போம். அது 300 மீட்டர்தான். ஆழ்புவிவெப்பத் திட்டங்களில் அதைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் துளையிட வேண்டியிருக்கிறது. இத்தகைய கிணறுகளிலிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத் துகள்களைப் பார்த்து, எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று சொல்வது என் தொழில். எந்தத் திட்டத்தையும் முதலில் அது தரும் வெப்பத்தை வைத்தும், அடுத்து அது பாறைக்குக் கொடுக்கும் நீரழுத்தத்தை வைத்தும்தான் எடைபோட வேண்டும் என்பது அந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரை எடுத்துக்கொள்வோம். டானூப் ஆற்றங்கரைப் பகுதியில் நிலமட்டத்துக்கு அருகில் இருக்கும் ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறை அடுக்கு ஒன்று, தெற்கே ஆல்ப்ஸ் மலையை நோக்கிச் சரிந்து, மலையடிவாரத்தில் 5 கிலோமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. மியூனிக் நகருக்கு அடியில் அது 2 முதல் 3 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பாறையின் வெடிப்புகளிலும் கரைந்து உண்டான பொந்துகளிலும் சூடான நீர் நிறைந்திருக்கிறது. ஒரு கிணற்றில் அந்த நீரை ஏற்றி, வெப்பமாற்றியின் வழியே அதன் சூட்டை மட்டும் நகரின் வெப்பக் குழாய்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய நீரை மற்றொரு கிணற்றின் வழியே அதே அடுக்குக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். மியூனிக்கின் ரீம் பகுதியில் 2004 முதல் இப்படித்தான் வீடுகளுக்கு வெப்பம் போகிறது. இதில் பாறையை உடைக்கும் வேலை இல்லை. எடுத்த நீர் திரும்பிவிடுவதால் அடுக்கின் மொத்த நீரளவும் குறைவதில்லை.

இத்தகைய திட்டங்களைப் பற்றிய ஊர்க் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் எத்தனை மெகாவாட் மின்சாரம் கிடைக்கும் என்பதாகவே இருக்கிறது. ஒரு எளிய கணக்கைப் பார்க்கலாம். நொடிக்கு 100 லிட்டர் வீதம் 120 டிகிரி நீர் வந்து, அது 60 டிகிரிக்கு ஆறும்வரை அதன் சூட்டை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 25 மெகாவாட் வெப்பம் கிடைக்கும். அதே நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தால், இந்த வெப்பநிலையில் அந்த வெப்பத்தின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாகும். அதிலும் ஒரு பகுதியை ஆழத்து நீரேற்றும் பம்பே எடுத்துக்கொள்ளும். மியூனிக்கை அடுத்த உன்டர்ஹாகிங்கில் 3 கிலோமீட்டருக்கும் கீழே 122 டிகிரி நீர் கிடைத்தது. அங்கே வெப்ப விநியோகத்தோடு மின்நிலையமும் அமைக்கப்பட்டது. பின்னாளில் மின் உற்பத்தியைக் கைவிட்டார்கள். வெப்ப விநியோகம் தொடர்கிறது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். குளிர்நாடுகளில் எரிவாயுவும் நிலக்கரியும் பெருமளவு எரிவது வீடுகளைச் சூடாக்கத்தான் என்பதால், அந்த இடத்தை நேரடியாக நிரப்பும் வெப்பமே இங்கே பெரிய பயன்.

இன்னொரு உண்மையையும் மக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சூடு இருக்கும் என்பதை ஓரளவு உறுதியாகக் கணிக்க முடியும். நீர் ஓடுமா என்பதைத் துளையிட்டுப் பார்த்தால்தான் அறியலாம். மியூனிக்குக்குத் தெற்கே கெரட்ஸ்ரீட்டில் 2013இல் தோண்டிய கிணற்றில் போதிய சூடு இருந்தது, போதிய நீர் இல்லை. கிணறுகளே திட்டச் செலவின் பெரும்பகுதி என்பதால், இப்படி ஒரு கிணறு வறண்டுபோனால் சிறிய நகராட்சி ஒன்று தாங்காது. அதே இடத்தில் 2023 முதல், பாறைக்குள் நீண்ட துளைகளை ஒன்றோடொன்று இணைத்து, உள்ளே விட்ட நீரையே சுற்றிவரச் செய்யும் மூடிய சுற்று முறைக்காகத் துளையிட்டார்கள். நிலத்தடியில் நீர் இருக்க வேண்டும் என்ற தேவையே இம்முறையில் இல்லை. ஆனால் துளையிட வேண்டிய நீளமும் அதற்கான செலவும் மிக அதிகம்.

நிலநடுக்கம் பற்றிய அச்சத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. இயல்பாக நீர் ஓடாத சூடான பாறையில், மேலிருந்து அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்தி வெடிப்புகளைத் திறக்கும் முறையில்தான் பெரிய ஆபத்துகள் நேர்ந்திருக்கின்றன. நிலப்பிளவின் இரு பக்கங்களையும் நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பது உராய்வு. பிளவுக்குள் நீரழுத்தம் ஏறும்போது அந்தப் பிடி தளர்கிறது. 1356இல் நிலநடுக்கத்தால் சிதைந்த சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், 2006 டிசம்பரில் 5 கிலோமீட்டர் ஆழத்தில் நீரைச் செலுத்தினார்கள். சிறு அதிர்வுகள் கூடியதும், வகுத்திருந்த விதிப்படி பம்பை நிறுத்தினார்கள். அதற்குச் சில மணி நேரத்துக்குப் பிறகே 3.4 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. அடுத்த இரண்டு மாதங்களிலும் 3ஐத் தாண்டிய அதிர்வுகள் தொடர்ந்தன. பம்பு நின்றாலும், ஏற்கெனவே உள்ளே போன அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டேதான் இருக்கும். 2009இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தென்கொரியாவின் போஹாங்கில் நிகழ்ந்தது இதைவிடக் கொடியது. 2017 ஏப்ரலில், நீர் செலுத்திய பிறகு, 3ஐச் சற்றே தாண்டிய அதிர்வு ஒன்று வந்தது. அதை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் பணி தொடர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 அன்று, கடைசியாக நீர் செலுத்தி ஏறத்தாழ இரண்டு மாதங்களான பின், 5.4 அளவுள்ள நிலநடுக்கம் நகரைத் தாக்கியது. பலர் காயமடைந்தார்கள், மறுநாள் நடக்கவிருந்த நாடுதழுவிய கல்லூரி நுழைவுத் தேர்வே ஒரு வாரம் தள்ளிப்போனது. 2019 மார்ச்சில், அரசு நியமித்த ஆய்வுக் குழு புவிவெப்பத் திட்டமே நடுக்கத்தைத் தூண்டியது என்று அறிவித்தது. கிணறு தொட்ட நிலப்பிளவு ஏற்கெனவே நழுவும் நிலையில் இருந்தது.

மியூனிக் வகைத் திட்டங்களை இவற்றோடு ஒன்றாகப் பேசுவது சரியல்ல. அதற்காக அவற்றில் அதிர்வே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. 2016, 2017ஆம் ஆண்டுகளில் மியூனிக்கை அடுத்த பாயிங் என்னும் ஊரில் மக்கள் உணரும் அளவுக்கு 2ஐ ஒட்டிய அதிர்வுகள் வந்தன. ஆகவே எந்த ஊரானாலும், துளையிடத் தொடங்குவதற்கு வெகு முன்பே நிலஅதிர்வுக் கருவிகள் நிறுவப்படுமா, அவற்றின் பதிவுகளைப் பொதுமக்கள் நேரடியாகப் பார்க்க முடியுமா, கிணற்றுக்கு அருகிலுள்ள நிலப்பிளவுகள் முப்பரிமாண ஆய்வில் வரையப்பட்டுள்ளனவா, நிறுத்தும் அதிகாரம் நிறுவனத்துக்கு வெளியே யாரிடம் இருக்கிறது, சுவர் விரிந்தால் அதற்குத் திட்டம் காரணமல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பனவற்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நிறுத்தும் வரம்பு, நேற்று வந்த அதிர்வை வைத்து மட்டும் அல்லாமல், நிறுத்திய பிறகும் வரக்கூடிய அதிர்வையும் கணக்கில் கொண்டு தாழ்வாக வகுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இது சாத்தியமா என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்பதுண்டு. நம் நிலத்தின் பெரும்பகுதி மிகப் பழைய கடினப் பாறை. ஆழத்தோடு சூடு ஏறும் வேகம் அங்கே குறைவு, வீட்டைச் சூடாக்கும் தேவையும் இல்லை. இங்கே அதற்காகப் பணம் கேட்டு வருபவர்களை நான் நம்பமாட்டேன். இந்தியாவில் இதற்குப் பொருத்தமான இடம் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் கொதிநீர் ஊற்றுகள் உள்ள அங்கே, ஒரு மெகாவாட் மின் உற்பத்தி முன்னோட்டத் திட்டத்துக்காக ஓஎன்ஜிசி 2021இல் ஒப்பந்தம் செய்தது. டீசலும் விறகும் எரித்துக் குளிர்காலத்தைக் கடத்தும் அந்த மக்களுக்கு, மின்சாரத்துக்குக் காத்திருக்காமல், பள்ளிக்கூடங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அருகிலுள்ள வீடுகளுக்கும் அந்த நீரின் வெப்பத்தை முதலில் குழாயில் கொண்டுசெல்லத் திட்டமிட வேண்டும் என்பதே என் கருத்து.