பெயர் தராமல் பணம் கட்டுவது: சங்கிலி எங்கே அறுகிறது, எங்கே ஒட்டிக்கொள்கிறது

நம் இணையப் போக்குவரத்தைத் தன் சர்வர் வழியாக அனுப்பி நம் ஐ.பி. முகவரியை மறைப்பது வி.பி.என். உலாவலைப் பதிவு செய்யாத வி.பி.என். சேவைக்குக்கூட வங்கி அட்டையில் பணம் கட்டினால், இன்னார் இன்ன நாளில் இன்ன நிறுவனத்துக்குக் கட்டினார் என்ற குறிப்பு வங்கியில் விழுந்துவிடும். சேவை நிறுவனம் நினைத்தாலும் அதை அழிக்க முடியாது.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரிலுள்ள முல்வாட் என்ற வி.பி.என். நிறுவனம் இந்தச் சிக்கலை அடியிலிருந்தே யோசித்திருக்கிறது. மின்னஞ்சல், கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. 16 இலக்கக் கணக்கு எண் மட்டுமே தருகிறது. மாதக் கட்டணம் 5 யூரோ. தானாகப் புதுப்பிக்கும் சந்தாவுக்குப் பணம் கட்டியவரின் விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்பதால், 2022இல் அதையும் நிறுத்தியது. 2023 ஏப்ரல் 18 அன்று ஸ்வீடன் போலீஸ் தேடுதல் ஆணையுடன் வந்து, வாடிக்கையாளர் தகவல் ஏதும் கிடைக்காமல் திரும்பியது. இல்லாத தகவலை யாராலும் பறிமுதல் செய்ய முடியாது.

இருப்பதிலேயே எளிய வழி ரொக்கம். தளத்தில் ஒரு கட்டண டோக்கனை (பணம் எந்தக் கணக்குக்கு என்று காட்டும் குறியீடு) உருவாக்கி, தாளில் எழுதி, நோட்டுகளோடு உறையிலிட்டு அஞ்சலில் அனுப்ப வேண்டும். டோக்கனை வைக்க மறந்தால் பணம் எந்தக் கணக்குக்கு என்று தெரியாது. ரொக்கத்துக்குத் திருப்பிக் கொடுத்தலும் இல்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது: ரொக்கத்தை அஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்ப அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருவதில்லை.

பிட்காயின் மறைவானது என்று நம்புவோர் இன்னும் நிறையப் பேர். அதன் பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் பேரேடு உலகமே பார்க்கத் திறந்து கிடக்கிறது. பான் எண் கொடுத்து எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் தளம்) வாங்கிய 0.01 பிட்காயினிலிருந்து 0.0001 கட்டினால், பரிமாற்றக் கட்டணம் போக மீதி ‘சில்லறை’யாக உங்களுடைய வேறொரு முகவரிக்குத் திரும்பும். பிறகு அந்தச் சில்லறையை வேறு காசோடு சேர்த்துச் செலவழித்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பேரேட்டைப் படிப்பவர் ஊகித்துவிடுவார்.

மொனேரோ என்ற மற்றொரு கிரிப்டோ நாணயம் இதைக் கணிதத்தால் தடுக்கிறது. செலவழிக்கும் ஒவ்வொரு காசும் 15 போலிகளுக்கு நடுவே கலந்து நிற்கும். பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் புது முகவரி உருவாகும்; தொகையும் மறைக்கப்படும். வந்த காசு, பேரேட்டில் 10 பிளாக்குகள் (பரிமாற்றத் தொகுப்புகள்) சேரும்வரை, அதாவது சுமார் 20 நிமிடம், பூட்டப்பட்டிருக்கும்.

இங்கே ஓட்டை விழுவது பெரும்பாலும் கணிதத்தில் அல்ல, அவசரத்தில். எக்ஸ்சேஞ்சிலிருந்து கட்டணத் தொகையை மட்டும் எடுத்து, பூட்டு அவிழ்ந்ததும் கட்டினால், எடுத்த தொகை எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும், வந்த தொகை கடைக்குத் தெரியும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தாலே போதும், பேரேட்டைத் தொட வேண்டியதில்லை. பல மாதத்துக்கான தொகையாக எடுத்து, சில நாள் விட்டுச் செலவழிப்பதே சரி. பிறருடைய நோடில் (மொனேரோ பேரேட்டின் நகலை வைத்திருக்கும் கணினி) உங்கள் வாலட்டை, அதாவது காசைக் கையாளும் செயலியை, இணைத்தால் உங்கள் ஐ.பி. முகவரி அதற்குத் தெரியும். சொந்த நோடு இல்லாதவர், ஐ.பி. முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பு வழியாக இணைக்கட்டும்.

ஒருமுறை அட்டையில் கட்டிய பழைய கணக்கை மொனேரோவால் புதுப்பித்தும் பயனில்லை; புதுக் கணக்கு எண் வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். தொலைத்தால், அட்டையில் கட்டியவர் ரசீதைக் காட்டிக் கேட்கலாம். ரொக்கம் அனுப்பியவரிடம் காட்ட எதுவும் இருக்காது.