அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் பில்: வண்டி யாருடையது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் 911-ஐ அழைத்தால் வருகிற ஆம்புலன்ஸ் ஊரின் தீயணைப்புத் துறையுடையதாக இருக்கலாம், தனியார் நிறுவனத்துடையதாக இருக்கலாம், ஒரு மருத்துவமனையே சொந்தமாக ஓட்டுவதாகவும் இருக்கலாம். 108 பழகிய நமக்கு எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். சிகிச்சையில் பெரிய வித்தியாசம் இல்லை, பில்லில்தான் இருக்கிறது. வண்டி யாருடையது, தரையில் போனதா வானில் போனதா, உங்களிடம் உள்ள இன்ஷூரன்ஸ் எந்த வகை என்பதைப் பொறுத்து நீங்கள் கட்டவேண்டிய தொகை மாறும். உயிருக்கு ஆபத்து என்றால் இதையெல்லாம் யோசிக்காமல் 911-ஐ அழையுங்கள். கணக்கைப் பிறகு பார்க்கலாம், பார்க்க வழியும் இருக்கிறது.

மருத்துவமனையே நடத்தும் சேவை

மருத்துவமனையே ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் நடத்துவது அங்கே புதிதல்ல. டென்வரின் செயின்ட் அந்தோனி மருத்துவமனை 1972-லேயே ‘ஃப்ளைட் ஃபார் லைஃப்’ சேவையைத் தொடங்கிவிட்டது. மேயோ கிளினிக் போன்ற அமைப்புகள் தரைவண்டி, ஹெலிகாப்டர் இரண்டையும் நடத்துகின்றன.

இப்படிப்பட்ட வண்டியில் ஏறிய நோயாளிக்கு ஒரு தனி உரிமை உண்டு. 1986-ல் வந்த எம்டாலா (EMTALA) என்ற அவசர சிகிச்சைச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் பணமோ இன்ஷூரன்ஸோ இருக்கிறதா என்று பார்த்துப் பரிசோதனையைத் தாமதப்படுத்தக் கூடாது. நிலைமையைச் சீராக்காமல் வெளியே அனுப்பவும் கூடாது. மருத்துவமனைக்குச் சொந்தமான, அதுவே இயக்கும் ஆம்புலன்ஸில் சிகிச்சைக்காக ஏற்றப்பட்டவர், வண்டி இன்னும் பத்து மைல் தள்ளி இருந்தாலும், அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ‘வந்துவிட்டவர்’ என்றே விதி கருதுகிறது. வேறு நிறுவனத்தின் வண்டி என்றால், அது மருத்துவமனை வளாகத்துக்குள் நுழைந்த பிறகே இந்தக் கடமை தொடங்கும். ஒரு விலக்கும் உண்டு: பகுதி முழுமைக்குமான அவசர சேவை நெறிமுறை ‘அருகிலுள்ள தகுந்த மருத்துவமனைக்குப் போ’ என்று சொன்னால், சொந்த வண்டியும் வேறு மருத்துவமனைக்குப் போகலாம். அது விதிமீறல் ஆகாது.

பணத்திலும் இதற்கு ஒரு பயன் இருக்கிறது; பலர் தவறவிடுவது இதைத்தான். லாப நோக்கற்ற மருத்துவமனைகள், வரிவிலக்குக்கு ஈடாக, எழுத்து வடிவில் ஒரு நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். வீடு திரும்பிய பின் வரும் முதல் பில்லின் தேதியிலிருந்து 240 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குள் வழக்குப் போடுவது, கடன் பதிவில் ஏற்றுவது போன்ற கடும் வசூல் நடவடிக்கைகளில் அவர்கள் இறங்கக் கூடாது. ஆம்புலன்ஸ் மருத்துவமனையின் ஒரு பிரிவாக இயங்கினால் அந்தக் கட்டணத்தையும் இந்த உதவிக்குள் கொண்டுவர வாய்ப்பு உண்டு. கொள்கையோடு எந்தெந்தச் சேவையாளர்கள் அதில் அடங்குவர் என்ற பட்டியலும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மருத்துவமனையின் பெயரை மட்டும் வண்டியில் எழுதிக்கொண்டு, வெளி நிறுவனம் இயக்கும் சேவைகளும் உண்டு. ஆகவே வண்டியின் வண்ணத்தை நம்பாமல், பில்லை அனுப்பியவர் பெயரை நம்புங்கள்.

வானில் காப்பு, தரையில் இல்லை

எதிர்பாராத மருத்துவ பில்களிலிருந்து காக்கும் மத்தியச் சட்டமான ‘நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்’ 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையிடம் தரும் இன்ஷூரன்ஸோ தனியாக வாங்கிய முழு மருத்துவ இன்ஷூரன்ஸோ வைத்திருப்பவர், நெட்வொர்க்குக்கு (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் செய்துகொண்ட சேவையாளர் பட்டியலுக்கு) வெளியே உள்ள ஹெலிகாப்டரிலோ விமான ஆம்புலன்ஸிலோ போனால், நெட்வொர்க்குக்குள் போயிருந்தால் என்ன பங்கு கட்டுவாரோ அதை மட்டும் கட்டினால் போதும். அந்தத் தொகை ஆண்டு டிடக்டிபிளிலும் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே கட்டும் தொகை), ஓராண்டில் நீங்கள் கட்டவேண்டிய உச்சவரம்பிலும் சேரும். மீதிப் பணத்துக்கு ஆம்புலன்ஸ் நிறுவனமும் இன்ஷூரன்ஸும் தங்களுக்குள் 30 வேலைநாள் பேசி, ஒத்துவராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். நீங்கள் நடுவில் இல்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக உங்களிடம் கையெழுத்து வாங்கவும் சட்டம் அனுமதிக்கவில்லை.

தரைவண்டி இந்தச் சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. விசித்திரமாகத் தெரிந்தாலும் காரணம் உண்டு. ஆகாய ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் சட்டத்தின் கண்ணில் விமான நிறுவனங்கள். 1978-ன் விமானத் தொழில் சட்டப்படி மாநிலங்கள் அவற்றின் விலையில் தலையிட முடியாது என்பதால் மத்திய அரசே சட்டம் போட வேண்டியிருந்தது. தரைவண்டிகளையோ ஆயிரக்கணக்கான நகரங்களும் கவுண்ட்டிகளும் தத்தம் வழியில் நடத்துகின்றன. அந்தச் சிக்கலை அவிழ்க்காமல் நாடாளுமன்றம் ஓர் ஆலோசனைக் குழுவை மட்டும் அமைத்தது.

சில மாநிலங்கள் தாங்களே சட்டம் செய்துகொண்டன. கலிஃபோர்னியாவின் ஏபி 716, 2024 ஜனவரி 1 முதல், தரைவண்டிக்கும் நெட்வொர்க் அளவுப் பங்கு மட்டுமே என்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாதவரிடம் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான மத்திய அரசு இன்ஷூரன்ஸ்), மெடி-கால் (குறைந்த வருமானத்தினருக்கான கலிஃபோர்னியா அரசு இன்ஷூரன்ஸ்) விகிதங்களில் எது அதிகமோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் பணத்திலிருந்தே கொடுக்கின்றன. அட்டையில் தெரியும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப் பார்ப்பவர் மட்டுமே. அத்தகைய திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஐ.டி. வேலையில் இருப்போர் ‘நம் திட்டம் செல்ஃப்-ஃபண்டடா’ என்று எச்.ஆரிடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

இதனால் வரும் கூத்தையும் பாருங்கள். மழை மேகத்தால் விமானி பறக்க மறுத்து, அதே குழு நோயாளியைச் சாலை வழியே கொண்டுபோனால், அந்தப் பயணத்துக்கு மத்தியச் சட்டத்தின் காப்பு இல்லை. விமான ஆம்புலன்ஸில் போனாலும், மருத்துவமனையிலிருந்து விமான நிலையத்துக்கும் இறங்கிய இடத்திலிருந்து அடுத்த மருத்துவமனைக்கும் ஓடுவது தரைவண்டிதான். அதற்குத் தனி பில் வரலாம்.

‘அவசியமில்லை’ என்ற மறுப்பு

வான்வழிப் பயணத்தில் அடிக்கடி சறுக்குவது இங்கேதான். ‘தரைவண்டி போதுமே, ஹெலிகாப்டர் எதற்கு’ என்று இன்ஷூரன்ஸ் மறுத்துவிட்டால் மேலே சொன்ன காப்பு கைகொடுக்காது. விபத்து நடந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை, சரி. சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றும்போது பேச நேரம் இருக்கும். ஏன் வான்வழி, சாலையில் எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்தில் என்ன ஆபத்து, இங்கே இல்லாத எந்தச் சிகிச்சை அங்கே இருக்கிறது என்பதை அனுப்பும் டாக்டர் பதிவில் எழுதட்டும். ‘குடும்பத்தார் கேட்டதால்’ என்ற ஒரு வரி அதில் ஏறிவிட்டால் போதும், கிளெய்ம் படுத்துவிடும்.

மறுப்புக் கடிதம் வந்தால் 180 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸிடமே உள் அப்பீல் செய்யலாம். அதுவும் தோற்றால், இறுதி முடிவு கிடைத்த 4 மாதங்களுக்குள் வெளியார் மறுஆய்வு கேட்கலாம். மாற்றல் சான்று, பறந்த குழுவின் பராமரிப்புக் குறிப்பு, அனுப்பிய டாக்டரின் கடிதம் ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

பில்லில் பார்க்க வேண்டியவை

அடிப்படைக் கட்டணமும் மைல் கட்டணமும் தனித்தனியே இருக்கும். நோயாளி வண்டியில் இருந்த மைல்களுக்கு மட்டுமே மைல் கட்டணம். வெறும் வண்டி வந்த தூரத்தைச் சேர்த்திருந்தால் கேளுங்கள். பில்லில் உள்ள சேவைக் குறியீடு ஏ0429 (A0429) என்றால் அடிப்படை நிலை அவசர வண்டி, ஏ0427 என்றால் உயர்நிலை அவசர வண்டி, ஏ0431 ஹெலிகாப்டர், ஏ0430 விமானம். தரைவண்டிக்கான மைல் குறியீடு ஏ0425. மருத்துவமனையின் சொந்த சேவை என்றால் தனி பில் வராமல் மருத்துவமனை பில்லுக்குள்ளேயே 0540 என்ற வரியாக ஒளிந்திருக்கலாம். இன்ஷூரன்ஸின் கணக்கு விளக்கத் தாள் கைக்கு வரும் முன் எந்த ஆம்புலன்ஸ் பில்லையும் கட்டாதீர்கள்.

வான்வழிக்கு உங்கள் பங்குக்கு மேல் கேட்டால் மத்திய உதவி எண் 1-800-985-3059-ல் புகார் கொடுக்கலாம்.

பெற்றோர் விஷயம்

மெடிகேர் உள்ள பெற்றோருக்கு நிலைமை எளிது. டிடக்டிபிள் போக, அனுமதித்த தொகையில் 20 சதவீதம் அவர்கள் பங்கு. ஆம்புலன்ஸ் சேவை அந்த விகிதத்தை ஏற்றே ஆக வேண்டும், மிச்சத்தைக் கேட்க முடியாது. ஆனால் அருகிலுள்ள தகுந்த மருத்துவமனை வரைதான் மெடிகேர் கட்டும். பிள்ளை வீட்டுக்குப் பக்கம் என்று தள்ளிப் போனால் கூடுதல் மைல் உங்கள் கணக்கு.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் விசிட்டர் இன்ஷூரன்ஸ் ‘நோ சர்ப்ரைசஸ்’ சட்டத்துக்குள் வராது. அந்தப் பாலிசியில் ‘உள்ளூர் ஆம்புலன்ஸ்’ ஒரு வரி, ‘மருத்துவ வெளியேற்றம்’ (மெடிக்கல் இவாக்குவேஷன்) இன்னொரு வரி. ஹெலிகாப்டரை இதில் எதில் சேர்ப்பார்கள் என்று பயணத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளியேற்றப் பலனுக்குப் பெரும்பாலும் முன் அனுமதி கேட்பார்கள். அதனால் வேறு மருத்துவமனைக்கு மாற்றும் பேச்சு எழுந்த உடனே, வண்டி கிளம்பும் முன், பாலிசி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழைத்துவிடுங்கள்.