பிளமிங்கோவுக்குத் தமிழில் பூநாரை

கல்முனை தொடங்கி மட்டக்களப்பு நகர் வரை எந்தப் புடவைக்கடைக்குள் நுழைந்தாலும் சின்னப்பிள்ளைகளின் உடுப்புப் பக்கத்தில் இந்தப் பறவை தொங்கிக்கொண்டிருக்கும். கடும் ரோஸ் நிறம், வளைந்த கழுத்து, மடக்கிய ஒரு கால். நைட்டி, தலையணை உறை, பள்ளிக்கூடப் பை என்று அது இல்லாத இடமில்லை. பெயர் கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளையும் ‘பிளமிங்கோ’ என்று சொல்லிவிடும். வட்டைக்குள் நிற்கிற பறவையைக் காட்டிக் கேட்டால் எல்லாமே வெறும் ‘கொக்கு’தான். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, பெரியவர்களுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

பிளமிங்கோ என்பது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போன சொல். போர்த்துக்கேயம், ஸ்பானியம் இரண்டிலும் அதன் மூத்த வடிவம் ‘பிளமெங்கோ’. தீச்சுவாலையைக் குறிக்கும் ‘பிளாமா’ என்ற இலத்தீன் சொல்லே வேர் என்பது பரவலான விளக்கம். இன்றைய பெல்ஜியம் பக்கத்துப் பிளாண்டர்ஸ் நாட்டவருக்கும் இதே பெயர் இருந்ததால், அவர்களின் சிவந்த முகத்தைக் கேலி செய்து பறவைக்கு வைத்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. எனக்குச் சுவாலை விளக்கமே சரியாகப் படுகிறது. நிற்கும்போது வெளிறித் தெரிகிற பறவை, சிறகை விரித்ததும் உள்ளே இருக்கிற செந்நிறம் பளிச்சென்று வெளியே வரும். 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் சப்பாத்து, அலமாரி, மேசை எல்லாம் நமக்குத் தந்தார்கள். இந்தச் சொல் மட்டும் பிறகு ஆங்கிலத்தோடுதான் வந்தது.

தமிழில் இதற்குப் பூநாரை என்று பெயர். பெரியது பெரும் பூநாரை, சின்னது சிறு பூநாரை. சிலர் ‘செங்கால் நாரை’ என்று எழுதுகிறார்கள். அது வேறு பறவை. சத்திமுத்தப் புலவர் ‘நாராய் நாராய் செங்கால் நாராய்’ என்று கூப்பிட்டுவிட்டு, அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டு, ‘பவளக் கூர்வாய்’ என்கிறார். அதாவது நேரான, கூரான, சிவந்த அலகு. பூநாரையின் அலகோ பாதியில் உடைந்ததுபோலக் கீழே மடங்கி, நுனியில் கறுத்திருக்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்றுநீரை உள்ளே இழுத்து, அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களால் வடித்து, சின்ன இறால்களையும் பாசியையும் தின்னும். அந்த நிறமும் அந்தச் சாப்பாட்டில் இருந்துதான் வருகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். ரோஸ் ஏறச் சில வருடம் ஆகும்.

உண்மையில் பூநாரை நாரையே இல்லை. மரபணுவை வைத்துப் பார்த்தால் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் முக்குளிப்பான். நம் குளங்களில் ஆளைக் கண்டதும் டபக்கென்று முங்கிவிட்டு வேறெங்கோ எழும்புகிற அந்தக் குட்டிப் பறவையேதான். அதற்காகப் பெயரை மாற்றத் தேவையில்லை. கடற்குதிரையைக் குதிரை என்று யாரும் லாயத்தில் கட்டுவதில்லை.

உடுப்பில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பூநாரை, அதுவும் நிறம் கூட்டப்பட்டது. அமெரிக்காவில் 1957இல் டொன் பெதர்ஸ்டோன் என்ற சிற்பி வீட்டு முற்றத்தில் குத்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் பூநாரை வடிவமைத்தார். இந்த உருவம் உலகம் முழுக்கப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இலங்கைக்கு வருகிற பெரும் பூநாரை அதைவிட வெளிறியது. மன்னார், வங்காலை, யாழ்ப்பாணக் களப்புகள் பக்கம் மாரி காலத்தில் கூட்டமாகக் காணலாம். தெற்கே புந்தலவிலும் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் நின்றன. பாசன நீர் களப்புக்குள் கலந்து உப்பு குறைந்ததும் அங்கே வருவது அற்றுப்போனது.

அப்போ மட்டக்களப்பு வாவியோரம் படம் எடுத்து ‘நம்ம ஊரில் பிளமிங்கோ’ என்று போடுகிறார்களே, அது என்ன? அநேகமாகச் சங்குவளை நாரை. மஞ்சள்மூக்கு நாரை என்றும் சொல்வார்கள். இறகில்லாத செம்மஞ்சள் தலை, நீண்ட மஞ்சள் அலகு, வெள்ளை உடம்பு, நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்பும் வெள்ளையும் கலந்த பட்டி, வால்பக்கம் இறங்கும் ரோஸ் இறகுகள். தூரத்தில் அந்த ரோஸ் மட்டும் கண்ணில் பட்டால் ஏமாறத்தான் செய்யும். அலகைப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். பொத்துவிலுக்குத் தெற்கே குமணவில் இவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மருதமுனைக் கைத்தறிச் சாறியின் முந்தானையில் போட இதைவிட நல்ல பறவை எனக்குத் தோன்றவில்லை. நிறத்தை எல்லாம் அதுவே தேர்ந்து வைத்திருக்கிறது.

படமாக வருவதில் பறவைக்கு நட்டமில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிக்கு நிஜ இறகு குத்துகிற மோகம் இருந்த காலத்தில் அதிகம் அடிபட்டவற்றில் ஒன்று வெண்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகில் வளரும் மெல்லிய தூவிக்காகவே சுட்டார்கள். 1886இல் பிராங்க் சாப்மன் என்ற பறவை ஆய்வாளர் நியூயோர்க் தெருவில் எண்ணிய 700 தொப்பிகளில் 542இல் பறவையோ இறகோ இருந்தது. பிரித்தானியா 1921இல்தான் இறகு இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. நம் வெள்ளாமை வயலில் உழவு மெஷினுக்குப் பின்னால் நடக்கிற வெண்கொக்குகளும் அதே குடும்பம்.

எழுதும்போது பூநாரை என்று எழுதலாம், பன்மைக்குப் பூநாரைகள். ‘பிளமிங்கோ பிங்க்’ என்ற நிறத்துக்குப் பூநாரைச் சிவப்பு என்று புதுச்சொல் கட்டுகிறவர்களும் உண்டு. கடையில் அப்படிக் கேட்டால் தருகிறவருக்கு விளங்காது. ரோஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்.