லைட்ஷிப்: தமிழில் கலங்கரை கப்பல்

பினாங்கு கார்ன்வாலிஸ் கோட்டை மூலையில் 1882இல் கட்டிய இரும்புக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. அதன் கீழே நின்றுதான் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, கடலில் நங்கூரமிட்டு நின்று விளக்குக் காட்டும் லைட்ஷிப்புக்குத் தமிழில் என்ன? கரையில்லாத இடத்தில் கிடப்பதைக் கலங்கரை என்று சொல்லலாமா?"

சொல்லலாம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் இந்தச் சொல்லில் 'கரை' கடற்கரை இல்லை. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதுதான். கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கம். கிள்ளானுக்கு மேற்கே, பெர்மாத்தாங் செடெப்பா திட்டில் 1874 முதல் நடுக்கடலிலேயே கலங்கரை விளக்கம் இருக்கிறது. (செடெப்பா என்றால் ஒரு பாகம், அதாவது ஆறடி ஆழம்.)

கோபுரம் எழுப்ப முடியாத மணல்திட்டுகளுக்குத்தான் லைட்ஷிப் தேவைப்பட்டது. 1730களில் தேம்ஸ் முகத்துவாரத்தில், நோர் திட்டருகே ராபர்ட் ஹாம்ப்ளின் முதலில் நிறுத்தினார். மலாயில் இது 'காப்பால் சுவார்'. அந்தக் காப்பால் நம் கப்பல்தான். 'காப்பால் ஆப்பி' என்று சொல்லிவிடக் கூடாது, அது நீராவிக் கப்பல்.

கட்டுகிறவர்களுக்கு இது வித்தியாசமான வேலை. ஓடுவதற்காக இல்லாமல், புயலிலும் ஒரே இடத்தில் நிற்பதற்காகக் கட்ட வேண்டும். இங்கிலாந்தின் டார்ட்மத் ஊரில் பிலிப் அண்ட் சன் பட்டறை இப்படிப் பல கப்பல்களைக் கட்டியது. பிரிட்டிஷ் லைட்ஷிப் பலவற்றுக்கு எஞ்சினே கிடையாது. இழுத்துக்கொண்டு போய் விடுவார்கள். மணலில் புதைந்து பிடிக்க, காளான் வடிவ நங்கூரம்.

கரைதல் என்ற பொருள் எவ்வளவு சரி என்பதை நான் உணர்ந்தது நான்டக்கெட் என்ற லைட்ஷிப்பின் விபத்தைப் படித்தபோது. 1934 மே 15, அமெரிக்கக் கடலில் அடர்ந்த மூடுபனி. அந்த லைட்ஷிப் அனுப்பிய ரேடியோ ஒலியைப் பிடித்தபடியே வந்தது, டைட்டானிக்கின் உடன்பிறப்பான ஒலிம்பிக். அழைத்த கப்பல் மீதே ஏறிவிட்டது. ஏழு பேர் இறந்தார்கள். பிரிட்டன் கொடுத்த இழப்பீட்டில் வில்மிங்டனின் பூசி அண்ட் ஜோன்ஸ் பட்டறை 1936இல் மாற்றுக் கப்பலைக் கட்டியது.

'ஒளிக்கப்பல்' எனக்கு ஒப்பவில்லை. எல்லாக் கப்பலிலும் ஒளி உண்டு, அழைப்பு இல்லை. பேச்சுக்கு 'விளக்குக்கப்பல்' போதும். கலைச்சொல்லாக எழுதும்போது 'கலங்கரை கப்பல்' என்று எழுதுங்கள். வினைத்தொகை, அதனால் நடுவில் 'க்' வராது. போட்டால் கரை மறுபடி நிலமாகிவிடும்.