பாதி வலிமையைக் கழற்றிப் பிழைக்கவைத்த கப்பல்

1979ஆம் ஆண்டின் இறுதியில், ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்திலுள்ள லாய்ட் வெர்ஃப்ட் கப்பல் பட்டறையில் ஒரு வினோதமான வேலை நடந்துகொண்டிருந்தது. உலகிலேயே நீளமான பயணிகள் கப்பல் அங்கே வந்து நின்றது. நீளம் 315.66 மீட்டர். அதன் நான்கு உந்துவிசிறிகளில் வெளிப்புறமிருந்த இரண்டைக் கழற்றினார்கள். இரண்டு இயந்திர அறைகளில் முன்புறம் இருந்ததை நிரந்தரமாக நிறுத்தினார்கள். எட்டுக் கொதிகலன்களில் இனி நான்குக்குத்தான் வேலை. இந்தப் புதுப்பிப்புக்கு ஆன செலவு எட்டுக் கோடி டாலரையும் தாண்டியது. இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவர்கள் கப்பலின் வலிமையில் பாதியை ஏன் பிடுங்க வேண்டும்?

பட்டறைக்குள் நுழைந்தபோது அந்தக் கப்பலின் பெயர் ‘ஃபிரான்ஸ்’. வெளியே வந்தபோது ‘நார்வே’. பெயரும் வண்ணமும் மாறியது சிறிய சங்கதி. ஒரு தொழிலுக்கென்று வார்க்கப்பட்ட உடலை அதற்கு நேர்மாறான தொழிலுக்குப் பழக்கியதுதான் பெரிய வேலை.

‘ஃபிரான்ஸ்’ ஒரு லைனர். நிலையான தடத்தில், அறிவித்த நாளில் புறப்பட்டு அறிவித்த நாளில் போய்ச் சேரவேண்டிய கப்பல். பிரான்ஸ் நாட்டின் சான் நசேர் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு, 1960 மே 11 அன்று அதிபர் சார்ல் து கோல் முன்னிலையில் நீரில் இறங்கியது. 1962 பிப்ரவரியில் லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 3,100 கடல் மைல். ஐந்தே நாளில் போய்ச் சேரவேண்டும். குளிர்கால வட அட்லாண்டிக்கில் அலைகள் மலைபோல எழும்பினாலும் கால அட்டவணை தவறக் கூடாது. அதற்காக மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல், அதாவது 30 ‘நாட்’ (knot, கப்பல் வேகத்தின் அலகு) வேகத்துக்கு மேல், இரவு பகலாக ஓடும் ஆற்றல் தேவைப்பட்டது. எட்டுக் கொதிகலன்களின் நீராவி நான்கு டர்பைன் தொகுதிகளைச் சுழற்ற, 1,60,000 குதிரைத்திறன் கிடைத்தது.

இத்தனை ஆற்றலும் எங்கே போகிறது? நீரில் நகரும் எந்த உடலும் இரண்டு தடைகளைச் சந்திக்கிறது. ஒன்று, அடிப்பாகத்தோடு நீர் உராய்வது. மற்றது, கப்பல் தானே எழுப்பும் அலை. உராய்வுத் தடை வேகத்தின் இருமடிக்கு (வேகம் × வேகம்) நெருக்கமாக ஏறுகிறது. அந்தத் தடையை மீறி ஓடுவதற்குத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு திறன் வேண்டும். அலைத் தடை இதைவிடக் கொடியது. கப்பல் எழுப்பும் அலையின் நீளமும் வேகத்தின் இருமடியாகவே வளர்கிறது. 18 நாட்டில் அந்த அலை சுமார் 55 மீட்டர் நீளம் இருக்கும். 31 நாட்டில் 160 மீட்டரைத் தாண்டிவிடும். அலையின் நீளம் கப்பலின் நீளத்தை நெருங்கிவிட்டால், கப்பல் தான் எழுப்பிய மேட்டிலேயே ஏறப் போராடும். அதன்பின் எவ்வளவு எரிபொருளை ஊற்றினாலும் வேகம் கூடாது. அதனால்தான் லைனர்கள் அவ்வளவு நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தன. ‘ஃபிரான்ஸ்’ தன் அகலத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் நீளமானது. அந்தக் கூரிய முகப்பின் அழகு என்னை எப்போதும் ஈர்க்கிறது. ஆனால் அதில் அலங்காரத்துக்கென்று எதுவும் இல்லை. முழுக்க முழுக்க நீரோட்டக் கணக்கு.

பொருளாதாரக் கணக்குதான் பொய்த்துப் போனது. கப்பலின் கட்டுமானம் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1958இல், ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கிவிட்டன. ஐந்து நாள் பயணம் எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. நாட்டின் கௌரவம் என்று கருதி அரசு மானியம் கொடுத்துக் கப்பலை ஓடவைத்தது. 1962 டிசம்பரில் மோனாலிசா ஓவியம் அமெரிக்கா போனதும் இதே கப்பலில்தான். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. வேகத்தின் மும்மடியாக எண்ணெய் குடிக்கும் கப்பலுக்கு இது மரண அடி. 1974இல் அரசு மானியத்தை நிறுத்துவதாக அறிவித்தது. கோபமுற்ற கப்பல் பணியாளர்கள் லெ ஆவ்ர் துறைமுக வாயிலிலேயே நங்கூரம் பாய்ச்சி வழியை மறித்தார்கள். அதனாலும் பயன் விளையவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு மேல் கப்பல் ஒரு மூலைத் துறையில் ஆளில்லாமல் நின்றது.

1979இல் அதை 1.8 கோடி டாலருக்கு வாங்கியவர் நார்வேக்காரரான க்னூட் க்ளோஸ்டர். மயாமியிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு உல்லாசக் கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய பயணிகளுக்கு எங்கேயும் அவசரமாகப் போய்ச் சேரவேண்டிய தேவையில்லை. மயாமியிலிருந்து செயின்ட் தாமஸ் தீவு சுமார் 1,000 கடல் மைல். 17, 18 நாட்டில் ஊர்ந்தாலும் இரண்டரை நாளுக்குள் எட்டிவிடலாம். அந்த நாட்களும் சேர்ந்ததுதான் விடுமுறை.

மும்மடிக் கணக்கை இப்போது திருப்பிப் போட்டுப் பாருங்கள். 31 நாட்டிலிருந்து 18 நாட்டுக்கு இறங்கினால் தேவைப்படும் திறன் ஐந்தில் ஒரு பங்காகச் சரிகிறது. அப்படியென்றால் இருக்கிற எல்லா இயந்திரங்களையும் மெதுவாக ஓட்டினால் போதாதா? போதாது. நீராவி டர்பைன் தன் முழுச் சுமைக்கு அருகில் ஓடும்போதுதான் எரிபொருளை முறையாகப் பயன்படுத்தும். குறைந்த சுமையில் ஓட்டினால் எண்ணெய் வீணாகும். ஆகவே எல்லா இயந்திரங்களையும் சோம்பலாக ஓட்டுவதைவிட, பாதியை நிறுத்திவிட்டு மீதிக்கு நிறைய வேலை கொடுப்பது லாபம். சுழலாத உந்துவிசிறி நீரைத் தடுத்து கப்பலைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் அவற்றையும் கழற்றினார்கள். எண்ணெய்ச் செலவு மட்டுமல்லாமல், நிறுத்திய இயந்திரங்களைப் பராமரிக்கும் ஆட்செலவும் மிஞ்சியது.

கழற்றியதைப் போலவே சேர்த்ததும் உண்டு. நியூயார்க்கில் லைனர் வந்தால் இழுவைப் படகுகள் சூழ்ந்து தள்ளிக் கரையணைக்கும். தீவு தீவாக நிற்கும் கப்பலுக்கு அது கட்டுப்படியாகாது. சுக்கானை நம்பவும் முடியாது; அதன்மீது நீர் வேகமாகப் பாய்ந்தால்தான் அது கப்பலைத் திருப்பும். கப்பல் ஊரும்போது சுக்கான் வெறும் தகடு. எனவே முகப்பிலும் பின்புறத்திலும் கப்பலின் குறுக்காகக் குழாய் போன்ற சுரங்கம் அமைத்து, உள்ளே சிறு விசிறிகளைப் பொருத்தினார்கள். அவை நீரைப் பக்கவாட்டில் தள்ள, 300 மீட்டர் உடல் தன் இடத்திலேயே திரும்பும்.

சரிசெய்யவே முடியாத ஒன்றும் இருந்தது. கப்பல் நீருக்குள் பத்து மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருந்தது. அட்லாண்டிக் புயலில் நிலையாக நிற்பதற்கு அந்த ஆழம் வரம். கரீபியன் தீவுகளின் ஆழமற்ற துறைகளிலோ உள்ளே நுழையவே விடாது. அகலமும் அன்றைய பனாமா கால்வாயின் மதகுத் தொட்டிகளுக்குள் அடங்காது. இதற்கு க்ளோஸ்டரின் பொறியாளர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வொன்றும் சுமார் 400 பேரை ஏற்றக்கூடிய இரண்டு பெரிய படகுகளை முன்தளத்திலேயே தூக்கி வைத்தார்கள். கப்பல் தீவுக்கு வெளியே ஆழத்தில் நிற்கும். படகுகள் இறங்கி மக்களைக் கரைசேர்க்கும்.

குளிர்காற்றுக்காகக் கண்ணாடியால் மூடிய நெடிய நடைதளங்கள் கடைத்தெருக்களாயின. முதல் வகுப்பையும் சுற்றுலா வகுப்பையும் பிரித்த ஏற்பாடுகள் அகன்றன. கூரைக்குள் அடைந்திருந்த நீச்சல்குளங்களோடு பின்புறத்தில் வெயில் படும் குளமும் வந்தது.

1980 ஜூனில் மயாமியிலிருந்து ‘நார்வே’ தன் வாராந்தரப் பயணத்தைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் கரீபியனில் ஓடிய உல்லாசக் கப்பல்கள் பலவும் 20,000 டன் அளவில் இருந்தன. ‘நார்வே’ 70,000 டன் வகையைச் சேர்ந்தது. (இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கொள்ளளவு.) கப்பலே போய்ச் சேரும் ஊராக இருக்கலாம் என்பதை இந்தத் தொழில் கற்றுக்கொண்டது இங்கேதான். 1988இல் வந்த ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’, அதன்பின் வந்த ராட்சதக் கப்பல்கள் எல்லாமே அந்தப் பாடத்தின் தொடர்ச்சி என்பது என் கருத்து. 1990இல் ‘நார்வே’யின் உச்சியில் இரண்டு தளங்களை ஏற்றி 135 சொகுசு அறைகள் கட்டினார்கள். வருமானம் கூடியிருக்கும். தாழ்வாக, நீண்டு கிடந்த அந்த வடிவம் அன்றே போய்விட்டது.

கொதிகலன்கள் மட்டும் பழையவையாகவே இருந்தன. பிரிட்டனின் ‘குயீன் எலிசபெத் 2’ கப்பலுக்கு இதே லாய்ட் வெர்ஃப்ட் பட்டறையில் 1986–87இல் நீராவி இயந்திரங்களை அகற்றி டீசல் மின்னாக்கிகளைப் பொருத்தினார்கள். ‘நார்வே’க்கு அப்படிச் செய்யவில்லை. 2003 மே 25 காலை, மயாமி துறையில் கட்டி நின்றபோது அதன் கொதிகலன் ஒன்று வெடித்தது. 8 பணியாளர்கள் இறந்தார்கள்.

அழுத்தம் ஏற ஏற நீரின் கொதிநிலையும் ஏறும். சமையலறை பிரஷர் குக்கரில் அது 120 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. கப்பல் கொதிகலனில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல பத்து மடங்கு. 250 டிகிரியைக் கடந்தும் நீர் நீராகவே கிடக்கும். சுவர் கிழிந்தால் அழுத்தம் ஒரு நொடியில் விழுகிறது. அந்த நீரில் கணிசமான பகுதி அக்கணமே நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தப்ப வழியே கிடையாது.

சுவர் ஏன் கிழிந்தது? கொதிகலனைப் பற்றவைக்கும்போது தடித்த எஃகு விரிகிறது, அணைக்கும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் மூலைகளிலும் பற்றுவைப்புகளிலும் இழுவிசை தேங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் சிறுகச் சிறுக வளர்கின்றன. இதை உலோகச் சோர்வு என்கிறார்கள். நீரின் வேதித் தன்மையைச் சரியாகப் பேணாவிட்டால் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். கடலில் நாட்கணக்கில் ஒரே சீராக எரிவதற்கென்று அமைந்த கொதிகலனுக்கு, துறைமுகம்தோறும் நின்று கிளம்பும் வாழ்க்கை கூடுதல் சுமை. அது தவிர்க்க முடியாத விதி அல்ல. முறையான சோதனையில் விரிசலைக் கண்டுபிடிக்கலாம்; பழுதானதை மாற்றலாம். இயக்கம், பராமரிப்பு, சோதனை ஆகிய மூன்றிலும் இருந்த குறைபாடுகளே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தீர்மானித்தது. 2008இல் கப்பலை நடத்திய நிறுவனம் நீதிமன்றத்தில் அலட்சியக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த எட்டுப் பேரும் இறந்திருக்கவே தேவையில்லை.

அதன்பின் ‘நார்வே’ பயணிகளோடு ஓடவில்லை. பிரேமர்ஹாஃபனுக்கும், பிறகு மலேசியாவுக்கும் இழுத்துச் செல்லப்பட்டது. 2006இல் ‘புளூ லேடி’ என்ற பெயரோடு, உடைக்கப்படுவதற்காகக் குஜராத்தின் ஆலங் கடற்கரைக்கு வந்தது. காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். பேரேற்றத்தின்போது கப்பலைக் கரைநோக்கிச் செலுத்தினால், நீர் வடிந்தபின் அது தரையில் நிற்கும். பளுதூக்கித் துறை எதுவும் இல்லாமலே வெட்டலாம். ஆனால் கப்பலுக்குள் ஆயிரம் டன்னுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் என்ற தீப்பற்றாத கனிம நார் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ‘நார்மண்டி’ என்ற பிரெஞ்சு லைனர் 1942இல் நியூயார்க் துறையில் தீப்பிடித்து அழிந்திருந்தது. அந்த அச்சத்தால் ‘ஃபிரான்ஸ்’ கப்பலில் மரத்தை ஒதுக்கி, தீப்பற்றாத பொருட்களை நிறைத்தார்கள். பயணிகளைக் காக்க வைத்த அதே நார், நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து உடைப்புத் தொழிலாளியின் நுரையீரலுக்கு ஆபத்தாக நின்றது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007 செப்டம்பரில் நீதிமன்றம் உடைக்க அனுமதித்தது.

இதற்குள், சான் நசேரின் அதே கப்பல்தளம் 345 மீட்டர் நீளத்தில் ‘குயீன் மேரி 2’ஐக் கட்டி முடித்து, நீளத்தின் பட்டத்தைப் பறித்திருந்தது. 2004இல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலைத் தொடக்கத்திலேயே இரண்டு தொழிலுக்கும் வடிவமைத்தார்கள். அட்லாண்டிக்கைத் தாங்கும் ஆழமும் தடித்த தகடும் உண்டு. இயந்திரங்கள் நேரே விசிறியைச் சுழற்றாமல் மின்சாரம் தயாரிக்கின்றன. சாதாரண வேகத்துக்கு டீசல் இயந்திரங்களே போதும். முழு வேகம் வேண்டும்போது மட்டும் வாயு டர்பைன்களைச் சேர்த்துக்கொள்ளலாம். 1979இல் பிரேமர்ஹாஃபனில் அறுத்தும் கழற்றியும் செய்ததை, இந்தக் கப்பலில் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே செய்கிறார்கள்.