வாட்ஸ்அப் குழு இருக்கிறது, சரி. டவர் நின்றுபோனால்?

போன மாதம் வேதாரண்யம் பக்கம் ஒரு மீனவ கிராமத்தில் பேரிடர் பயிற்சி. "புயல் வந்தால் ஊருக்குள் எப்படித் தகவல் சொல்வீங்க?" என்று கேட்டேன். ஓர் இளைஞர் உடனே போனைத் தூக்கிக் காட்டினார். "வாட்ஸ்அப் குரூப் இருக்கு சார். ஊரே அதுலதான் இருக்கு." ஊர் ஊராக இதே பதிலைக் கேட்டு எனக்கு ஆற்றாமையாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அது கஜா புயலைப் பார்த்த ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்ததை மறந்துவிட்டார்களா? டவர் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டும். ரோடு முழுக்க மரம் விழுந்து கிடந்தால் எப்படி வரும்? குழுவில் போட்டது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு, படித்துவிட்டு ஆள் கிளம்பியது வேறு. கடைசித் தெருவில் தனியாக இருக்கும் பாட்டி குழுவில் இருக்கிறாரா என்று கேட்டேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். அதுவும் ரீசார்ஜ் முடிந்து கிடந்தது. காது வேறு மந்தம்.

புதுச்சேரியில் நல்லவாடு என்று ஒரு மீனவ ஊர். 2004 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அங்கிருந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையக் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 3,600 பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. செய்தி ஊருக்கு வந்தது போனில். வீடு வீடாகப் போனது ஸ்பீக்கரில். கடல் நிலவரம் சொல்லிப் பழகிய ஸ்பீக்கர் என்பதால் கேட்டதும் நம்பினார்கள்.

ஆனால் கதவை உடைக்க வேண்டியிருந்தது, கவனியுங்கள். உங்கள் ஊர்க் கோயிலிலோ மாதா கோயிலிலோ பள்ளிவாசலிலோ உள்ள மைக் செட்டின் சாவி யாரிடம்? இரண்டு பேரிடம் இருக்கட்டும். கரண்ட் இல்லாமல் ஓட பேட்டரி இருக்கிறதா, பாருங்கள்.

பத்து வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பை மகளிர் குழுவிடம் கொடுங்கள். ஆண்கள் பாதிப் பேர் கடலில் இருப்பார்கள். கர்ப்பிணி, முதியவர், நடக்க முடியாதவர் இருக்கும் வீடுகளைத் தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். போனில் எழுதி வைக்காதீர்கள், தயவுசெய்து.

அறிவிப்பது யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். 2004 டிசம்பர் 30 அன்று மறுபடி அலை வருகிறது என்ற உறுதியாகாத எச்சரிக்கை பரவி, கடலோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அலை வரவில்லை. யாரோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மைக்கில் போடாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் வெளியூரில் உள்ள ஒரே உறவினருக்குத் தகவல் சொல்வதாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். லைன் கிடைக்காத நேரத்திலும் எஸ்எம்எஸ் பல சமயம் போய்விடும்.

அக்டோபர் மழைக்கு முன் ஒரு நாள் போன்களை ஓரமாக வைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். வேதாரண்யம் பக்கத்து அந்த ஊரில் அன்றே செய்து பார்த்தோம். பாட்டி வீட்டுக்குத் தகவல் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது.